வெள்ளிக்கிழமை வலி

“மத்த நாள் மாத்திரையெல்லாம் தீந்துருது. வெள்ளிக்கிழமை மாத்திரை மட்டும் எப்படி அண்ணாச்சி வாராவாரம் மிஞ்சும்?”

கிழமைக்கொரு அறை வைத்த டப்பாவை மரியானிடம் நீட்டினாள் ஸ்டெபி. புற்றுநோய் முற்றி, இனி வலியைக் குறைப்பது மட்டுமே வைத்தியம் என்றானவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். கீழவைப்பாரில் மரியானின் மனைவி ஞானசௌந்தரிக்கு மார்பில் தொடங்கியது எலும்புக்குப் போய்விட்டது. வழக்கமாகத் திங்களன்று வருகிற ஸ்டெபி, மூன்று வாரமாக இப்படி மிஞ்சுவதைப் பார்த்து, இந்த வாரம் வெள்ளியன்றே வந்துவிட்டாள்.

“எனக்கும் ஒண்ணும் விளங்கல சிஸ்டர். வெள்ளிக்கிழமை பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடக்கா. ஒருசந்தி நோன்பான்னா, அதுவும் இல்ல, கஞ்சி குடிக்கா. சனிக்கிழமை விடிஞ்சா அவளே மாத்திரையக் கேட்டு வாங்கிப் போடுதா.”

உள்ளே ஞானசௌந்தரி சுருண்டு கிடந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

“அக்கா, மாத்திரை குமட்டுதா?”

“இல்ல.”

“பழகிரும்னு பயமா?”

“போற காலத்துல பழகினா என்ன, பழகாட்டி என்ன?”

“பின்ன எதுக்கு இந்தப் பாடு?”

ஞானசௌந்தரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டெபிக்கு மண்டை காய்ந்தது. டாக்டரிடம் என்னவென்று சொல்வது? டோஸைக் கூட்டவா, மாத்திரையை மாற்றவா? தெளிவாகப் பேசுகிற பொம்பளை, வாரத்தில் ஒரு நாள் மட்டும் வலியை வேண்டுமென்றே வாங்கிக்கொள்கிறாள்.

“நீங்க இப்படிக் கெடந்தா எனக்குச் சோறு இறங்காதுக்கா. சொல்லுங்க.”

மரியான் வாசலுக்குப் போகும்வரை ஞானசௌந்தரி காத்திருந்தாள்.

“நீ சிஎஸ்ஐக்காரி, உனக்குத் தெரியாது. கத்தோலிக்கக்காரங்க நாங்க வலியை வீணாக்க மாட்டோம். ஒரு ஆளுக்காக வேண்டிக்கிட்டு ஆண்டவர்கிட்ட ஒப்புக்கொடுப்போம். ஆண்டவர் பாடுபட்டது வெள்ளிக்கிழமைலா? அன்னிக்குப் படுத வலிக்கு மதிப்பு ஜாஸ்தி.”

“யாருக்காக? அண்ணாச்சிக்கா?”

“அந்த மனுசனுக்கு என்ன கேடு? உனக்குத்தாம்ளா. கலியாணமாகி ஆறு வருசமாப் பிள்ளை இல்லன்னு சொன்னியே. இங்கன வந்தா ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டேங்குத. உனக்குக் குடுக்க என்கிட்ட வேற என்ன இருக்கு?”

ஸ்டெபிக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. சட்டென்று குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

“போதும்க்கா. நீங்க கேட்டது கெடச்சிட்டு. இப்ப ரெண்டு மாசம்.”

ஞானசௌந்தரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். மாத்திரை இறங்கியது. கொஞ்ச நேரத்தில் நல்ல உறக்கம்.

வாசலில் மரியான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

“கேட்டுக்கிட்டுத்தாம்மா நின்னேன். ரொம்பச் சந்தோசம். பேறுகாலம் எப்ப வரும்?”

ஸ்டெபி பையைத் தோளில் மாட்டினாள்.

“அக்காகிட்ட சொல்லிராதீங்க அண்ணாச்சி. எனக்கும் கேன்சர் வந்துச்சு. கர்ப்பப்பைய எடுத்து மூணு வருசமாச்சு.”