லாரிக்குள் ஒரு குடித்தனம்

புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்த மறுவருஷம். பாகூரில் வைத்திலிங்கத்தின் வீட்டு வாசலில் நின்ற பழைய பட்டாளத்து லாரிக்குள் ஒரு மாதமாகத் தச்சு வேலை நடந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி தெய்வநாயகியோடு அதிலேயே காசிக்குப் போகப்போவதாக ஊரெல்லாம் பேச்சு.

மகன் தனகோபால்தான் கூடவே நின்று வேலை வாங்கினான்.

"கட்டில் நல்லா அகலமா இருக்கட்டும் ஆசாரி. அடுப்பு, தண்ணித் தொட்டி, அலமாரி எதையும் வுட்டுடாதீங்க."

"காசிக்குப் போய்வர இன்னாத்துக்குத் தம்பி இவ்ளோ?"

"காசியோட ஏன் திரும்பணும்? அப்படியே இமயமலையும் பாக்கட்டுமே. ஒரு வருஷம் ஆனாலும் அவசரமில்ல."

வீட்டுக்குள்ளே அவன் மனைவி செண்பகம், மாமியாரின் அறையில் தன் பீரோவுக்கு இடம் அளந்துகொண்டிருந்தாள்.

புறப்படும் நாளில் ஆரத்தி முடிந்ததும், வைத்திலிங்கம் லாரிச் சாவியை மகன் கையில் வைத்தார்.

"நான் ஓட்டணுமாப்பா?"

"ஓட்டு, இல்ல இங்கியே நிறுத்திக்க. நாங்க ரயில்ல போறோம்."

"அப்ப லாரி யாருக்கு?"

"உங்க ரெண்டு பேருக்குத்தான். தனி வூடு வேணும்னு நீங்க பேசிக்கிட்டது காதுல வுழுந்துதுடா. அவனுக்குப் பிடிச்ச மாதிரி அவனே கட்டிக்கட்டும்னு வுட்டுட்டேன்."

செண்பகம் பதறினாள். "மாமா, அப்ப இந்த வூடு?"

பெஞ்சுகள் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது.

"நாங்க திரும்பி வர்ற வரைக்கும் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டோம்மா," என்றாள் தெய்வநாயகி. "பெஞ்சை இறக்க ஒரு கை புடி."