மாலுமியக்கா பேசுகிறாள்

திரையில் இன்னும் சோப்பு விளம்பரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் கண்ணாடிக் கடைக்காரருக்கு உள்ளங்கை இரண்டும் வேர்த்து நனைந்துவிட்டன.

பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி கைபேசியில் எதையோ தட்டி அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

‘ஏன் இப்படி உதறுது உங்களுக்கு? படம் எடுத்தது நீங்களா?’

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

மாலுமியக்கா படங்கள் என்றால் அவருக்கு உயிர். வேறு மொழியில் எடுத்து, இங்கே தமிழில் குரல் கொடுத்து வெளியிடும் படங்கள்தான். எந்தப் புயலில் சிக்கினாலும் கப்பலைக் கரைசேர்த்துவிடும் அந்தப் பெண்ணுக்கு ‘மாலுமியக்கா’ என்று ரசிகர்களே பெயர் வைத்துவிட்டார்கள். இதுவரை ஆறு பாகங்கள். இன்று ஏழாவது பாகத்தின் முதல் காட்சி.

முதல் பாகம் வந்தபோது அவர் கல்யாணம் ஆகாத ஆள். மற்றவர்கள் அந்த முகத்தைப் பார்த்துக் கிறங்கினார்கள் என்றால், இவர் அந்தக் குரலில் விழுந்தார். கொஞ்சம் கரகரப்பு. கோபப்படும்போதும் உள்ளே ஒரு குறும்பு. அந்தக் குரலில் பேசிய பெண் யாரென்று ஒலிப்பதிவுக்கூடம் ஒன்று விடாமல் ஏறி இறங்கிக் கண்டுபிடித்து, கல்யாணமும் செய்துகொண்டார்.

அவள்தான் இப்போது கழுத்தில் மெல்லிய துணி சுற்றிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

போன வருஷம் தொண்டையில் புற்று. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

கூட்டமாக இருக்கும், இன்னொரு நாள் வரலாம் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தன் இடத்தில் பேசியிருக்கும் புதுப் பெண்ணை முதல் நாளே கேட்டாக வேண்டுமாம். நன்றாகப் பேசியிருந்தால் நேரில் போய்க் கையைப் பிடித்துப் பாராட்ட வேண்டுமாம்.

‘பாவம், பயந்துக்கிட்டேதான் பேசியிருக்கும் அந்தப் பொண்ணு’ என்று வரும் வழியில் எழுதிக் காட்டினாள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுபக்கத்தில் மாலுமித் தொப்பி வைத்த கல்லூரிப் பெண் ஒருத்தி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தாங்க முடியாமல் அவர் பக்கம் சாய்ந்தாள்.

“அங்கிள், பழைய குரல் இல்லைன்னு சொல்றாங்களே, நிஜமா? வேற யாராவது பேசினா என்னால தாங்கவே முடியாது.”

அது மனைவியின் காதிலும் விழுந்தது. அவள் குனிந்து அந்தப் பெண்ணைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

விளக்குகள் அணைந்தன.

கடல். கறுப்பாக எழும்பும் அலை. மேல்தட்டில் முதுகைக் காட்டி நிற்கும் ஒருத்தி.

அவள் திரும்பினாள்.

“என்னடா, நான் இல்லாம கப்பலை நகர்த்திடலாம்னு பாத்தீங்களா?”

அதே கரகரப்பு. அதே குறும்பு. அதே குரல்.

அரங்கம் அதிர்ந்தது. விசில் காதைக் கிழித்தது. தொப்பிக்காரப் பெண் இருக்கையைவிட்டு எழுந்து குதித்தாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை மாதமாயிற்று. காலையில் எழுப்பிய குரல், கடையிலிருந்து தாமதமாக வந்தால் வாசலிலேயே சண்டை பிடித்த குரல். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. பேசட்டும், இன்னும் பேசட்டும் என்றிருந்தது.

சட்டைக் கையைப் பிடித்து மனைவி இழுத்தாள். கண்ணைத் திறக்காமலே, கொஞ்சம் பொறு என்பதுபோல் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். மறுபடி இழுத்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

இடைவேளைக்கு விளக்கு எரிந்த பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார். அவள் முகத்தில் இரத்தமே இல்லை. மடியில் கிடந்த கைபேசியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். எழுதி வெகுநேரம் ஆகியிருக்க வேண்டும்.

‘இதுல ஒரு வார்த்தைகூட நான் பேசினது இல்ல. என் குரலை எடுத்து மெஷினைப் பேச வெச்சிருக்காங்க. யாரைக் கேட்டு செஞ்சாங்க?’

அவரைக் கேட்டுத்தான் செய்தார்கள்.

அவளுக்கு வரும் அழைப்புகளையெல்லாம் இப்போது எடுத்துப் பேசுகிறவர் அவர். ஒலிப்பதிவுக்கூடத்து ஆள் மரியாதையாகத்தான் கேட்டார். பழைய பதிவுகள் இருக்கின்றன, கணினியே அம்மா மாதிரி பேசிவிடும், அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள் என்றார். அவள் அப்போது சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வந்திருப்பாள். வந்து, தலையை ஆட்டி மறுத்திருப்பாள் என்பதும் அவருக்குத் தெரியும்.

“கேட்டுட்டேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம்” என்று ஒரு நிமிஷம் கழித்து அந்த ஆளிடம் சொன்னார்.

இன்னொருத்தியின் குரலில் மாலுமியக்காவை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

இப்போது அவள் எழுதியதையே மறுபடி மறுபடி படித்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் புரிந்துகொண்டே வந்தது. கைபேசியை அவர் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டாள்.

மறுபடி விளக்குகள் அணைந்தன. அவள் எழுந்து, முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, வெளிவாசலை நோக்கி இருட்டில் தடவிக்கொண்டு போனாள்.

திரையில் மாலுமியக்கா பேசத் தொடங்கினாள்.

அவரும் எழுந்து பின்னால் ஓடத்தான் நினைத்தார். இந்த ஒரு காட்சி மட்டும் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.