வாசலில் நின்ற முகம்

அழகுக்கு மரணமில்லை என்பது டாக்டர் மார்த்தாண்டனின் கொள்கை. அதற்காக அவ்வப்போது யாராவது செத்துப்போக வேண்டியிருந்தது. இந்த முறை, துணிக்கடை வாசலில் நின்று வாடிக்கையாளர்களைக் கூப்பிடும் ஒரு பெண். அவளுடைய முகம் இப்போது முன்னாள் கனவுக்கன்னி ரூபகலாவின் கழுத்துக்கு மேல், தையல் தெரியாமல் பொருந்தியிருந்தது. இன்றைய பாராட்டு விழாவில் எடுபட்டால் மறுபடியும் கதாநாயகி. இல்லையென்றால் ஆயுளுக்கும் மாமியார் வேடம்தான். அவள் மேடையேறியதும் அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. பொன்னாடையோடு வந்த அமைச்சரின் மனைவியைப் பார்த்து, பழைய மகாராணிப் புன்னகையில் கால்வாசியை மட்டும் வீசப்போனாள். வாய் முழுசாகத் திறந்துகொண்டது.

"வாங்க மேடம், உள்ள வாங்க! பட்டா, காட்டனா?"

முன்வரிசையில் டாக்டருக்கு வியர்த்தது. ரூபகலா பதறிப்போய் வாயைப் பொத்தினாள். "ஜென்ட்ஸெல்லாம் மாடிக்குப் போங்க சார்!" என்றது முகம், விரலிடுக்கு வழியாக. புதுப்பட வசனம் என்று நினைத்த கூட்டம் விசிலடித்தது. தயாரிப்பாளர்கள் முண்டியடித்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார்கள். அந்த முகம் ஜெயித்துவிட்டது. அமைச்சரின் மனைவி பொன்னாடையைப் போர்த்தும் சாக்கில் அவள் காதருகே குனிந்து, "காட்டன்தாம்மா. ஐநூறுக்குள்ள காட்டு" என்றார்.