ஒரு பொட்டுக் கறுப்பு

தட்டி மூன்று நிமிடமாகியும் நோரீன் கதவைத் திறக்கவில்லை.

உள்ளே ஆள் இருந்தது. கால்கள் ஓடுவதும் ஏதோ ஒரு மூடியை அழுத்தி மூடுவதும் யோகராணிக்கு நன்றாகக் கேட்டன. போன கிழமையும் இப்படித்தான், அதற்கு முந்திய கிழமையும் இப்படித்தான். எதை ஒளிக்கிறாள் இந்தப் பெட்டை?

1971, சிட்னி, ரெட்ஃபெர்ன். யோகராணி சிலோனிலிருந்து வந்த தாதி. வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பது அவள் வேலை. இந்தத் தெருவுக்கு அவளை அனுப்பிய வெள்ளைக்கார மேலதிகாரி சிரித்துக்கொண்டே சொன்ன காரணம் இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. நீயும் கறுப்பு, உனக்கென்றால் அந்தச் சனம் கதவைத் திறக்கும்.

நல்ல கதை! திறக்கிற லட்சணம்தான் தெரிகிறதே.

கடைசியில் கதவு ஒரு சாண் திறந்தது. நோரீனுக்குப் பத்தொன்பது வயது, இந்த மண்ணின் பூர்வகுடிப் பெண். அவள் முதலில் யோகராணியைப் பார்க்கவில்லை. தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்தாள், கார் ஏதும் நிற்கிறதா என்று. பிறகு யோகராணியின் கையிலிருந்த அரசாங்கப் பையைப் பார்த்தாள்.

குழந்தை இருட்டறையில் தொப்பியும் துணியுமாகச் சுற்றிக் கிடந்தது. ஐந்து கிழமைக் குழந்தை. நிறையில் குறைவில்லை, பால் குடிப்பதிலும் குறைவில்லை. ஆனால் முகத்தில் எப்போதும் ஊத்தை. குளிப்பாட்டுகிற அடையாளமே இல்லை. யோகராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொரு மணிக்கு வெல்ஃபெயர்க்காரி வருகிறாள், பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டுபோக அதிகாரமுள்ள அரசாங்க உத்தியோகத்தி. அது நோரீனுக்குத் தெரியாது, யோகராணி சொல்லவும் கூடாது. ‘கவனிப்பில்லாத பிள்ளை’ என்று அவள் எழுதினால் போதும், குழந்தை போய்விடும். இந்த முகத்தை ஒருதரம் பார்த்தால் எழுதாமல் விடுவாளா?

நிறுப்பதற்காகத் துணியை விரித்தபோது ஒரு புகையிலை டின் உருண்டு விழுந்தது. நோரீன் பாய்ந்தாள். யோகராணி முந்திவிட்டாள்.

களவோ, கண்றாவியோ என்று மூடியைத் திறந்தாள்.

கரி. கரித்தூளில் கொழுப்பு விட்டுக் குழைத்த மை.

யோகராணி குழந்தையின் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஊத்தையில்லை, பூச்சு. அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. அட கடவுளே, இதுக்கா இவ்வளவு ஒளிப்பு! அவளுடைய அம்மாவும் சவ்வரிசியைக் கருக்கிச் சிரட்டையில் மை வைத்திருந்தவள்தானே. பிள்ளைக்குக் கண்படக்கூடாது என்று கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்காத தாய் ஊரில் உண்டா? காகத்துக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவளைப் போய்ப் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்கிறார்களே, நாசமாய்ப் போனவர்கள்.

“இதை ஏன் ஒளிக்கிறாய், தங்கச்சி? எங்கடை அம்மாவும் எனக்குப் பூசினவ.”

நோரீன் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். “உங்கடை ஊரிலுமா, சிஸ்டர்?”

“ஓம். எல்லாத் தாய்மாரும்தான்.”

அந்த முகத்திலிருந்த சந்தேகம் முதல் தடவையாக இறங்கியது. அதைக் கண்டதும் வேலை போனாலும் போகட்டும் என்றாகிவிட்டது யோகராணிக்கு. பதினொரு மணி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சாட்சிக்கு அக்காவைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லி, நோரீன் யாரிடமும் கொடுக்காத குழந்தையை யோகராணியின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள்.

பதினொன்றுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

யோகராணி குசினியில் தண்ணீர் சுடவைத்தாள். நாவூறுக்கு ஒரு பொட்டுப் போதும். முகமெல்லாம் அப்பிவைத்தால் வெள்ளைக்காரிக்கு அது ஊத்தையாகத்தான் தெரியும். முகம், கழுத்து, கை, கால் என்று சவர்க்காரம் போட்டு ஆறுதலாகக் கழுவினாள்.

கழுவக் கழுவக் குழந்தை வெளுத்தது. தொப்பிக்குள் செம்பட்டைத் தலைமயிர். தகப்பன் யாரோ வெள்ளைக்காரன் போலும். ஊரென்றால் இந்த நிறத்தைப் பார்க்கவே சனம் திரண்டு வரும். கறுப்பி, கறுப்பி என்று பேச்சு வாங்கி வளர்ந்தவளுக்கு அதைத் தூக்கி வைத்திருக்கவே பெருமையாக இருந்தது. பவுடர் போட்டு, டின்னில் விரலைத் தொட்டு, கன்னத்தில் ஒரேயொரு பொட்டு வைத்தாள்.

கார் வந்து நின்றதும் நோரீனும் அக்காவும் மூச்சிரைக்க ஓடிவந்ததும் ஒரே நேரம்.

யோகராணி குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். நோரீன் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வெல்ஃபெயர்க்காரி குழந்தையை ஜன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு பைலைத் திறந்து ஒரு சொல்லை வெட்டினாள்.

“கறுப்பு, ஒருத்தரும் தத்தெடுக்கமாட்டினம் என்று பைலை மூடத்தான் வந்தனான். இவ்வளவு வெள்ளைப் பிள்ளைக்கு இன்றைக்கே ஒரு வெள்ளைக்கார வீடு கிடைக்கும். நல்ல வேலை செய்தாய், சிஸ்டர்.”

புருசன் இல்லை, ஒற்றை அறை என்று எழுதக் காரணத்துக்கா பஞ்சம்? எழுதி முடித்துக் கைக்குட்டையால் அந்தப் பொட்டையும் துடைத்துவிட்டு, குழந்தையைக் காருக்குக் கொண்டுபோனாள்.

அக்காதான் கத்திக்கொண்டு காரின் பின்னால் ஓடினாள். நோரீன் நின்ற இடத்திலேயே நின்று யோகராணியின் கைகளைப் பார்த்தாள்.

“உங்கடை அம்மா உங்களுக்கு ஏன் பூசினவ, சிஸ்டர்?”

நான் வடிவாய் இருக்கிறேனாம், அதற்குத்தான் என்று யோகராணி அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வாள்?