மேல் பொத்தான்

சவப்பெட்டிக்குள் கிடந்த புருஷனின் டையை லொரீன் அவிழ்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

பிறகு சட்டையின் மேல் பொத்தான். அதற்குக் கீழே இன்னொன்று.

மோர்டன் அஞ்சலி மண்டபத்தில் தேவாரம் பாதியில் நின்றது. நான் முன்வரிசையில் இருந்தேன். எந்தச் செத்தவீட்டிலும் நான் பின்வரிசையில் இருந்தது கிடையாது.

லொரீன் எங்கள் தெருத் தவமலர் அக்காவின் மருமகள். அமெரிக்காவின் பூர்வகுடி, லகோட்டா இனம். சுஜீத் அவளைக் கட்டியபோது அக்கா சொந்தக்காரருக்கெல்லாம் 'இந்தியப் பிள்ளை' என்று சொல்லிச் சமாளித்தார். முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.

நுரையீரல் புற்றில் சுஜீத் கண்ணை மூடிய அன்றே, இடுப்புவரை தொங்கிய பின்னலை அவள் வெட்டிப்போட்டாள். பிள்ளைக்கு மூளை பிசகிவிட்டது என்றாள் அடுத்த வீட்டுக் கிரிஜா. அவர்கள் துக்கம் காக்கும் முறையே அதுதான் என்று நான் ஃபோனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கிரிஜாவுக்குச் சொல்லவில்லை. கதை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

தவமலர் அக்கா எழுந்து வந்து பொத்தானைப் பூட்டினார். லொரீன் திறந்தாள். அக்கா மறுபடி பூட்டினார்.

ஒருத்திக்கு ஆங்கிலம் வராது, மற்றவளுக்குத் தமிழ் வராது. நடுவில் ஓர் ஆள் தேவை. நான் எழுந்தேன்.

லொரீன் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவளுடைய ஆட்களின் நம்பிக்கையில், உயிர் பால்வீதி வழியாகத்தான் போகும். வழியில் ஒரு கிழவி மறிப்பாள். உடம்பில் பச்சை குத்தியிருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் விடுவாள். இல்லையென்றால் கீழே தள்ளிவிடுவாள். விழுந்த உயிர் போக்கிடமில்லாமல் பூமியிலேயே அலையும்.

மணிக்கட்டில் சின்னதாய் ஒன்று போதும் என்று சுஜீத்திடம் வருஷக்கணக்காய்க் கெஞ்சினாளாம். அவன் மாட்டேன் என்றானாம். அவனுக்கு அம்மா என்றால் பயம். பச்சை குத்தினால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று அம்மா சொன்னது தெருவுக்கே கேட்டதுதான்.

நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். கடைசியை மட்டும் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடவில்லை.

அக்கா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

லொரீன் பொத்தான்களை மறுபடி திறந்து சட்டையை விலக்கிக் காட்டினாள். நெஞ்சின் நடுவே ஒரு நீலப் புள்ளி. கடுகளவு.

எட்டிப் பார்த்த கிரிஜா, மச்சம் என்றாள்.

மச்சமில்லை. புற்றுக்குக் கதிர்வீச்சு அடிக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரே இடத்தில் படவேண்டும் என்பதற்காக, ஆஸ்பத்திரியில் ஊசியால் மை குத்தி வைக்கிற அடையாளம். கழுவினாலும் போகாது. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும். இதை லொரீன் சொல்லவில்லை. நான்தான் அக்காவுக்கு விளக்கினேன்.

நெஞ்சில் இருப்பது செல்லுமா என்று லொரீனுக்கே நிச்சயமில்லை. கிழவி நெற்றியையும் மணிக்கட்டையும்தான் பார்ப்பாளாம். அதனால்தான் சட்டையாவது திறந்திருக்கட்டும் என்கிறாள்.

அக்கா நெடுநேரம் குனிந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் குனிந்தார்.

"அந்தக் கிழவிக்குக் கண் வடிவாத் தெரியுமோ எண்டு கேளன் பிள்ளை."

கேட்டேன். லொரீன் உதட்டைக் கடித்துக்கொண்டு, தெரியாது என்று தலையாட்டினாள்.

அக்கா மூன்றாவது பொத்தானைத் தானே கழற்றினார். சட்டையின் இரண்டு பக்கத்தையும் நன்றாக விரித்து, திரும்ப மூடாதபடி மடித்து விட்டார். பிறகு கையை நீட்டி, கட்டையாய் வெட்டியிருந்த மருமகளின் தலைமுடியைத் தடவினார்.

தேவாரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

நான் வந்து இருந்ததும் இருக்காததுமாய்க் கிரிஜா காதைக் கடித்தாள். "உங்களுக்கு உதெல்லாம் எப்பிடியக்கா தெரியும்?"

இந்தத் தெருவில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்றேன். நம்பினாள். போன மார்கழி முழுவதும் நான் வால்தம்ஸ்டோவில் தங்கை வீட்டில் நின்றேன் என்பதையும் நம்பியவள்தான்.

சேலைத் தலைப்பைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

எனக்கு மூன்று புள்ளி.