மக்குகள்

"இதுக்குப் பேரு காலேஜ்" என்று அண்ணி, காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த சுவர்ப் படத்தைக் காட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிளம்பினாள். அண்ணனைப் பார்க்க வந்திருந்த தங்கைக்கு மானமே போனது. அண்ணன் நாற்காலியில் முறைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணி, டிராயிங் மாஸ்டர் பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை மனசுல நிக்காதா? அண்ணன் மூஞ்சியப் பாருங்க!"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்ற அண்ணி, மறுபடியும் உரக்கச் சொன்னாள். "காலேஜ்!"

"கொ... கொலாஜ்!" அண்ணன் நாற்காலிக் கையில் ஓங்கி அறைந்தார்.

தங்கை சட்டென்று அண்ணன் பக்கம் திரும்பினாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அண்ணன் பேசுவதே இல்லை என்று கேள்விப்பட்டுத்தான் ஓடி வந்திருந்தாள்.

"கோபம் வந்தாத்தான் பேச்சு வருது" என்று அண்ணி கிசுகிசுத்தாள். "அந்தப் படத்தை ஒட்டினதே நான்தான்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பளிங்குச் சில்லுகள் பதித்த அடுத்த படத்தைக் காட்டினாள். "அண்ணா, இது மியூசிக்தானே?"

அண்ணன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"மொசைக்! ரெண்டும்... சரியான... மக்குங்க!"

மக்குகள் இரண்டும் சந்தோஷத்தில் கட்டிக்கொண்டன.