கல்யாணப் படத்தில் தெரு

சேரப்பணஞ்சேரியில் ஒரு கம்பெனி எழுப்பிய மதில், தெருவைக் குறுக்கே அடைத்துக்கொண்டு சந்திரம்மாள் வாசலை ஒட்டி நிற்கிறது. பட்டப்பகலிலும் வீட்டுக்குள் ட்யூப்லைட் எரிகிறது. மதிலுக்கு அப்பால் மெஷின் ஓயாமல் இரைகிறது. வண்டி வர இருந்த ஒரே வழி அந்தத் தெருதான். கை கால் விழுந்த அவள் கணவர் தாவீதை இப்போது ஆஸ்பத்திரிக்கு ஆள் வைத்துத்தான் தூக்கிப்போக வேண்டியிருக்கிறது. இங்கே தெரு இருந்ததற்குப் பழைய போட்டோ ஒன்று கொண்டுவந்தால் மதிலை இடிக்கலாம் என்கிறார் தாசில்தார். அதற்காக வீடு வீடாகக் கேட்டு அலைந்த தெருப் பையன் செந்தமிழன் கடைசியாக இவள் வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறான். சந்திரம்மாள் தன் கல்யாணப் படத்தை முந்தானையால் துடைத்து நீட்டுகிறாள். "தெரு நடுவுல நிக்க வச்சுதான் எடுத்தாங்க. நல்லா பாருடா." படத்தில் மாலையும் கழுத்துமாக அவளும் தாவீதும் விறைத்து நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், பூப்போட்ட போர்வை ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். "இன்னா பெரிம்மா, தெருவே காணோம்?" கட்டிலில் கிடக்கும் தாவீது கோணிய வாயால் சிரிக்கிறார். "சேறும் சாணியுமா கீது, படத்துல அசிங்கமா வுழும்னு இவதான் கட்டச் சொன்னா. மகாராணி!" சந்திரம்மாள் படத்தைத் திரும்ப வாங்குகிறாள். போர்வையின் ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்க்கிறாள். அடியில் வெள்ளைத் தாள்தான் தெரிகிறது.